பழைய கட்டடத்தைக் காக்கச் சொல்கிறோம். அந்தச் செலவில் நம் பங்கு என்ன?

நகர்நடை

நான் தினமும் நடந்துபோகும் வழியில் ஒரு பழைய கட்டடத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு வைத்துவிட்டார்கள். மாடியில் நான்கு வளைவுகள் இருந்தன. சென்ற வாரம் இரண்டு போயின. இன்று காலை பார்த்தபோது மூன்றாவதும் இல்லை. அது யாருடைய கட்டடம், ஏன் இடிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. இருந்தும் கண் கலங்கியது. ஏன் கலங்கியது என்று யோசித்துக்கொண்டே வந்துதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையம் 1910-இல் திறக்கப்பட்டது. பழைய ரோமானியக் குளியல் மண்டபங்களைப் பார்த்து வடிவமைத்த, வானளாவிய கூடம் கொண்ட நிலையம். 1963 அக்டோபரில் அதை இடிக்கத் தொடங்கினார்கள். கட்டி முடித்து 53 ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அதன் இளஞ்சிவப்புக் கருங்கற்களும் சிலைகளில் சிலவும் நியூஜெர்சியின் சதுப்பு நிலத்தில் கொட்டப்பட்டன. அந்த அதிர்ச்சி அடங்குவதற்குள், 1965 ஏப்ரலில், நகரம் தன் வரலாற்றுக் கட்டடங்களைக் காக்கச் சட்டம் இயற்றியது. நிலையம் திரும்பி வரவில்லை.

அழகு, நினைவு என்று சொன்னால் எதிரே இருப்பவர் உடனே கணக்கைக் கேட்கிறார். நியாயமான கேள்விதான். பழைய கட்டடத்தால் ஒரு நகரத்துக்கு உண்மையில் என்ன பயன்? அதைக் காப்பாற்றும் சுமையை யார் தாங்குவது? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

வாடகைவாசி

நான் எதிர்த் தரப்பிலிருந்து பேசுகிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வேலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் இருக்கும் நடுநகரில் மூன்று மாடிக்கு மேல் கட்டக்கூடாது என்று ஒரு பகுதி முழுவதையும் பாதுகாப்பு வளையத்துக்குள் வைத்தால், அங்கே குடியேற நினைக்கும் புதியவர் எங்கே போவார்? ஏற்கெனவே அங்கே வீடு வைத்திருப்பவரின் சொத்து மதிப்பு உயரும். வாடகைக்கு அலைபவர் நகரத்தின் விளிம்புக்குப் போய், நாளுக்கு மூன்று மணி நேரம் பயணம் செய்வார். பாரம்பரியம் என்ற சொல்லைச் சொல்லி, தங்கள் தெருவுக்குள் வேறு யாரும் வராமல் தடுக்கும் வசதி படைத்தவர்களை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் அன்பு மட்டும் இருப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. நாம் போற்றும் பழைய நகரங்கள் எல்லாமே இன்னும் பழையதை இடித்து எழுந்தவைதான். பென்சில்வேனியா நிலையத்தைக் கட்டுவதற்காகவும் அந்த இடத்தில் இருந்த நூற்றுக்கணக்கான வீடுகள் அகற்றப்பட்டன.

மூன்றாம் தலைமுறை

இதுவரை எழுதிய இருவருமே வெளியிலிருந்து பார்ப்பவர்கள். நான் உள்ளே குடியிருப்பவன். என் தாத்தா வாங்கிய வீடு. இடிக்கக்கூடாது என்று அரசு பட்டியலிட்ட கட்டடம். வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் நின்று படம் எடுக்கிறார்கள், “கொடுத்துவைத்தவர்கள் நீங்கள்” என்கிறார்கள்.

மழைக்காலத்தில் கூடத்தில் ஏழு பாத்திரங்கள் வைக்கிறோம். கூரையைத் தாங்கும் தூலம் ஒன்று உளுத்துப்போய், அதை மாற்ற அனுமதி கேட்டேன். ஏழு மாதம் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை வரைபடத்தைத் திருத்தித் தரச் சொன்னார்கள். இரண்டு முறையும் கட்டணம். அனுமதி வந்தபோது பக்கத்துத் தூலமும் தளர்ந்திருந்தது. அதற்குத் தனி விண்ணப்பம். பழைய மரவேலை தெரிந்த தச்சரைத் தேடிப் பிடிக்க மேலும் இரண்டு மாதம். காப்பீடு தர இரண்டு நிறுவனங்கள் மறுத்துவிட்டன.

இடிக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்த அலுவலகம், எப்படிக் காப்பது என்று ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. ஒரு பைசா உதவியும் இல்லை. என் தம்பி விற்றுவிடலாம் என்கிறான். அவன்மீது எனக்குக் கோபம் இல்லை. எனக்கு இந்த வீட்டின் மீது உயிர். ஆனால் ஊர் முழுவதும் அனுபவிக்கும் ஒரு காட்சிக்கு நாங்கள் ஒரு குடும்பம் மட்டும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் உண்மை.

நகர்நடை

மூன்றாம் தலைமுறை, உங்கள் பதிவைப் படித்தபின் என் கேள்வியையே மாற்றிக் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. இழையின் தலைப்பைத் திருத்திவிட்டேன்.

கொத்துக்கரண்டி

தம்பி, அந்த வீட்டில் கூரையைத் தவிர வேறு என்ன கோளாறு? சுவரில் அடியிலிருந்து ஓதம் ஏறுகிறதா? பூச்சு உப்பிப் பெயர்கிறதா? கடைசியாக எப்போது, எதைக் கொண்டு பூசினீர்கள்? இதைச் சொன்னால் மேலே பேசலாம். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய கட்டடங்களைப் பழுது பார்த்துவருகிறேன்.

மூன்றாம் தலைமுறை

ஆமாம் ஐயா. இடுப்பளவுக்கு ஓதம். அப்பா காலத்தில், இருபது ஆண்டுகளுக்கு முன், கீழ்ப்பகுதி முழுவதும் சிமெண்ட் பூசினோம். மூன்றே ஆண்டில் பெயர்ந்தது. மறுபடி கெட்டியாகப் பூசினோம். இப்போது செங்கல்லே பொடியாக உதிர்கிறது.

கொத்துக்கரண்டி

நினைத்தேன். இதை விரிவாகவே எழுதுகிறேன். உங்களுக்கு மட்டுமல்ல, படிக்கும் வேறு யாருக்காவதும் உதவும்.

பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தால் ஆனது. அதற்குள் ஈரம் வரும், போகும். அடியிலிருந்து ஏறும் ஈரம் பூச்சின் நுண்துளைகள் வழியாக வெளியேறி உலர்ந்துவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால், வெளியேற வேண்டிய ஈரம் உள்ளேயே தங்கும். வழி கிடைக்காமல் இன்னும் மேலே ஏறும். நிலத்திலிருந்து வரும் நீரில் உப்பு கரைந்திருக்கும். உலரும் இடத்தில் அந்த உப்பு படிகமாக வளரும். வளரும்போது செங்கல்லின் துளைகளை உள்ளிருந்து நெருக்கி உடைக்கும். உங்கள் செங்கல் உதிர்வதற்குக் காரணம் அதன் வயது அல்ல, அதைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பூசிய பூச்சுதான்.

இன்னொரு விஷயம், எங்கள் தொழிலில் புதிதாக வருபவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது. சாந்து செங்கல்லைவிட மென்மையானதாக இருக்க வேண்டும். கட்டடம் வெயிலுக்கும் குளிருக்கும் சற்று அசையும். அந்த அசைவைச் சாந்து வாங்கிக்கொள்ள வேண்டும். சாந்தில் விரிசல் விட்டால் கீறி எடுத்துவிட்டு மறுபடி அடைக்கலாம். சிமெண்ட் வைத்து அடைத்தால் சாந்து கல்லைவிடக் கெட்டியாகிவிடும். அசைவு முழுவதும் செங்கல் மேல் விழும், செங்கல் பிளக்கும். சாந்தை மாற்றுவது ஒரு கொத்தனாரின் சில நாள் வேலை. செங்கல் போனால் சுவரே போனது போல.

சுண்ணாம்பின் குணமே தனி. சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு ஆகிறது. நீர் ஊற்றி நீற்றி, சாந்தாக்கிப் பூசியபின், காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடியும் கல்லாகிறது. அதற்கு மாதங்கள் ஆகும், கனமான சுவரில் ஆண்டுகள்கூட ஆகும். சிமெண்டுக்கு 1,450 டிகிரி சூளை வேண்டும், உடனே இறுகும். அவசரக்காரர்களுக்கு அது பிடித்ததில் வியப்பில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் மழைநீர் வடியும் வழிகளைப் பாருங்கள். பழைய கட்டடங்களில் நான் கண்ட சேதத்தில் பெரும்பகுதி, அடைத்துக்கொண்ட வடிகுழாயில் தொடங்கியது. வெளியே சுவரை ஒட்டித் தரை உயர்ந்திருந்தால் தாழ்த்துங்கள். பிறகு சிமெண்ட் பூச்சை, இயந்திரம் வைத்து இடிக்காமல், உளியால் தட்டித் தட்டி எடுக்கச் சொல்லுங்கள். சுவர் திறந்தபடி நன்றாகக் காயட்டும். அதன்பின் சுண்ணாம்புப் பூச்சு. மேலே பிளாஸ்டிக் வண்ணம் அடித்துவிடாதீர்கள். சுண்ணாம்பு வெள்ளை போதும். தூல வேலையில் தீப்பொறி பறக்கும் கருவிகளை வைத்து யாரையும் வேலை செய்ய விடாதீர்கள். இங்கிலாந்தில் அப்பார்க் என்ற மாளிகையில் 1989-இல் கூரையின் ஈயத் தகட்டைப் பழுது பார்த்தவரின் தீக்குழலிலிருந்துதான் தீ பிடித்தது. அப்போது வேலை முடியும் தறுவாயில் இருந்தது. பழைய கட்டடத்துக்குப் பழுது பார்க்கும் மாதங்களே மிக ஆபத்தான மாதங்கள்.

மரச்சாளரம்

கொத்துக்கரண்டி ஐயாவின் பதிவைத் தனியாகச் சேமித்து வைத்துக்கொண்டேன். நான் கட்டடக்கலை வரலாறு கற்பிப்பவள். வாடகைவாசி முன்வைத்த ஒரு கருத்துக்கு மட்டும் பதில் சொல்ல விரும்புகிறேன்: “பழைய நகரங்களும் பழையதை இடித்துத்தானே எழுந்தன.”

உண்மைதான். ஆனால் எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் தலைமுறை, தனக்கு முந்தைய இரண்டு தலைமுறைகளின் ரசனையை ஏறக்குறைய எப்போதும் வெறுக்கிறது. லண்டனின் யூஸ்டன் ரயில் நிலையத்துக்கு முன்னால் 1837-இல் எழுப்பிய பிரம்மாண்டமான கல் வாயில் இருந்தது. 1961-இலும் 1962-இலுமாக அதை இடித்தார்கள். அதன் கற்களில் பல, ஓர் ஆற்றுக் கால்வாயின் அடியில் இருந்த பள்ளத்தை நிரப்பப் போயின. 1994-இல் அங்கே அவற்றைக் கண்டுபிடித்தார்கள். அதே தெருவில், நடந்துபோகும் தொலைவில் செயின்ட் பாங்க்ரஸ் நிலையமும் அதன் முகப்பாக நிற்கும் செங்கல் ஹோட்டலும் உள்ளன. 1960-களில் அதற்கும் அதே கதி வர இருந்தது. அலங்காரம் மிகுந்த பழங்கால அசிங்கம் என்றே பலர் அதைக் கருதினார்கள். எதிர்ப்புக் கிளம்பி, 1967-இல் உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. 2007-இல் ஐரோப்பியக் கண்டத்துக்குச் செல்லும் அதிவேக ரயில்களின் முனையமாக மறுபடி திறந்தார்கள். இன்று அந்தக் கொட்டகையின் கீழ் நிற்கும் யாரும் அதை அசிங்கம் என்று சொல்ல மாட்டார்கள். இரண்டுக்கும் இடையிலிருந்த வேறுபாடு ஐந்தாறு ஆண்டுகள் மட்டுமே.

பிரஸ்ஸல்ஸில் விக்டர் ஹோர்ட்டா கட்டிய மக்கள் மாளிகையை 1965-இல் பிரித்தார்கள். 1899-இல் திறந்த, இரும்பும் கண்ணாடியுமாக இழைத்த கட்டடம். வேறோர் இடத்தில் மறுபடி கட்டுவோம் என்று பாகங்களை எடுத்துவைத்தார்கள். கட்டவே இல்லை. என் மாணவர்களுக்கு அந்தக் கட்டடத்தின் படத்தைக் காட்டும் ஒவ்வொரு முறையும் வகுப்பு அமைதியாகிவிடும். “எடுத்துவைத்து வேறிடத்தில் கட்டுவோம்” என்று யார் சொன்னாலும் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

இன்று நாம் வெறுக்கும் கான்கிரீட் கட்டடங்களையும் கொஞ்சம் பொறுமையோடு பாருங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அளவுகோல்

நகரத் திட்டமிடல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நகர்நடையின் இரு கேள்விகளுக்கும் என் பதில் இதோ.

பயன் என்ன? நான் அழகைப் பேசப்போவதில்லை. கடன் அடைந்துபோன கட்டடம் என்ற ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். இன்று கட்டும் கட்டடம் நிலத்தின் விலை, வட்டி, கட்டுமானச் செலவு எல்லாவற்றையும் வாடகையில் மீட்க வேண்டும். ஆகவே அதில் வங்கியும் பெரிய நிறுவனமும் பெயர்பெற்ற கடையும்தான் நுழைய முடியும். எழுபது ஆண்டுக்கு முன் கட்டியதன் செலவு எப்போதோ தீர்ந்துவிட்டது. அங்கேதான் பைண்டிங் செய்பவரும், கருவி பழுது பார்ப்பவரும், இசை சொல்லித்தருபவரும், புதிதாகத் தொழில் தொடங்கும் இரண்டு இளைஞர்களும் கட்டக்கூடிய வாடகை இருக்கிறது. எல்லாக் கட்டடமும் புதிதாக இருக்கும் தெருவில் சிறிய தொழில் எதுவும் முளைக்காது. நகரத்தின் பொருளாதாரத்துக்குப் பழைய கட்டடங்களின் முதல் கொடை இதுதான் என்பது என் உறுதியான கருத்து. நினைவுச்சின்னங்களைவிட இந்தச் சாதாரணக் கட்டடங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அவற்றுக்குப் பட்டியலும் இல்லை, பரிந்து பேச ஆளும் இல்லை.

யார் தாங்குவது? மூன்றாம் தலைமுறை எழுதியது என் மனத்தைச் சுட்டது, ஏனென்றால் அவருக்கு வந்தது போன்ற கடிதங்களில் நானே கையெழுத்திட்டிருக்கிறேன். தடை மட்டும் போட்டு உதவி தராத பாதுகாப்பு, கட்டடத்தைத் தானாக விழும்வரை காத்திருக்கச் செய்கிறது. கூரையைப் பழுது பார்க்காமல் விட்டால் ஐந்தாறு மழையில் விழுந்துவிடும். விழுந்தபின் யார் தடுப்பார்கள்?

வழிகள் இல்லாமல் இல்லை. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் தலைமேல் ஐம்பது மாடிக்கும் மேல் ஒரு கோபுரம் கட்ட உரிமையாளர் நிறுவனம் 1968-இல் திட்டம் போட்டது. நகரம் மறுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1978-இல் ஆறு நீதிபதிகள் நகரத்தின் பக்கமும் மூவர் எதிர்ப்பக்கமுமாகத் தீர்ப்பு வந்தது. பலர் அந்தத் தீர்ப்பில் தடையை மட்டும் பார்க்கிறார்கள். நீதிமன்றம் எடைபோட்ட அம்சங்களில் ஒன்று, அங்கே கட்ட முடியாத தளப்பரப்பைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை உரிமையாளருக்கு இருந்தது என்பது. பயன்படுத்தாத மேம்பாட்டு உரிமையை விற்கலாம் என்றால், பழைய கட்டடம் தன் பராமரிப்புச் செலவைத் தானே சம்பாதிக்கும். வாடகைவாசி கேட்கும் புதிய வீடுகளும் வேறோர் இடத்தில் உயரமாக எழும்.

ஆம்ஸ்டர்டாமில் 1956 முதல் ஸ்டாட்ஸ்ஹெர்ஸ்டெல் என்றொரு நிறுவனம் இருக்கிறது. சிதைந்த பழைய வீடுகளை வாங்கி, சீர்செய்து, விற்காமல் வாடகைக்கு விடுகிறது. அமெரிக்காவின் சவன்னா நகரில் பழைய சந்தைக் கட்டடத்தை 1954-இல் இடித்து வாகன நிறுத்தம் கட்டியபின், ஏழு பெண்கள் சேர்ந்து மறு ஆண்டு ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். இடிபட இருந்த வீட்டை வாங்குவது, காக்கும் நிபந்தனையோடு விற்பது, வந்த பணத்தில் அடுத்ததை வாங்குவது. சுழலும் நிதி. அரசு வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

வரிச் சட்டத்தையும் பாருங்கள். பிரிட்டனில் புதிய வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். இருக்கும் வீட்டைப் பழுது பார்த்தால் பொதுவாக 20 சதவீதம். இடிப்பவருக்குச் சலுகையும் காப்பவருக்கு அபராதமும் விதிக்கும் கணக்கு அது. அமெரிக்காவில் மத்திய அரசு, வரலாற்றுக் கட்டடத்தைச் சீரமைத்த செலவில் 20 சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ள விடுகிறது. ஆனால் வருமானம் ஈட்டும் கட்டடங்களுக்கு மட்டும். சொந்தக் குடியிருப்பாக வைத்திருக்கும் நம் நண்பரைப் போன்றவருக்கு அங்கேயும் அந்தக் கதவு திறக்காது.

வாடகைவாசி

அளவுகோல் ஐயா, பைண்டிங் செய்பவர் என்று எழுதினீர்களே, நான் அந்தத் தொழில்தான் செய்கிறேன். என் பட்டறை ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது. நீங்கள் சொன்ன காரணத்தால்தான் இருக்கிறது. வேறு எங்கும் என்னால் வாடகை கொடுக்க முடியாது. நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் என் அச்சம் அங்கேதான் தொடங்குகிறது. யாராவது வந்து எங்கள் தெருவைப் பாரம்பரியத் தெரு என்று அறிவித்து, சுவருக்கு வண்ணம் அடித்து, விளக்குப் போட்ட மறு ஆண்டு நான் அங்கே இருக்க மாட்டேன். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் என்ன நடந்தது? போருக்கு முந்தைய கடைவீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. அந்தச் சட்டம் நீங்கி, 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு கட்டுப்பாடு முடிந்தது. தலைமுறைகளாக அங்கே தொழில் செய்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின் விலை இன்னும் ஏறியது. கட்டடங்கள் தப்பின. அவற்றைக் கடைவீடுகளாக்கிய தச்சரும் தகர வேலைக்காரரும் பலர் போய்விட்டார்கள். கீழே கடை, மேலே வீடு என்ற வாழ்க்கைக்காகக் கட்டிய கட்டடத்தில் அந்த வாழ்க்கை இல்லையென்றால் எதைக் காத்தோம்?

மரச்சாளரம்

வாடகைவாசி, இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்ட ஒரு நகரம் உண்டு. இத்தாலியின் போலோக்னா. 1970-களின் தொடக்கத்தில் அந்த நகராட்சி, பழைய நகரைக் காப்பதென்றால் அங்கே வாழும் எளிய மக்களையும் சேர்த்துக் காப்பதே என்று முடிவெடுத்தது. நகரின் விளிம்பில் புதிய குடியிருப்பு கட்டுவதற்கான பொது வீட்டுவசதிப் பணத்தை, நடுநகரின் பழைய வரிசை வீடுகளைச் சீர்செய்யத் திருப்பிவிட்டது. எல்லாம் திட்டப்படி நடந்துவிடவில்லை. தனியார் வீடுகளைக் கையகப்படுத்துவதற்குப் பெரிய எதிர்ப்பு வந்து, பின்வாங்கி, உரிமையாளர்களோடு ஒப்பந்தம் போடும் முறைக்கு வர வேண்டியிருந்தது. ஆனாலும் குடியிருப்பவரையும் பாரம்பரியத்தில் சேர்த்து எண்ணிய அந்த ஒரு முடிவுக்காக நான் அந்த நகரத்தை வணங்குகிறேன்.

தூண்நிழல்

இழையை முழுவதும் படித்தேன். ஒரு சந்தேகம். முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் புதிய கட்டடம் எழுப்புவதை எல்லாரும் சமரசம் என்கிறார்களே, அது காப்பதாகுமா? அழிந்ததை அப்படியே மறுபடி கட்டினால் அது பழைய கட்டடமா, நகலா?

மரச்சாளரம்

முகப்பை மட்டும் வைப்பது தெருவின் அளவையும் அகலத்தையும் காக்கும், கட்டடத்தைக் காக்காது. அறையின் உயரம், படிக்கட்டின் தேய்வு, வெளிச்சம் விழும் விதம் எல்லாம் போய்விடும். வேறு வழியே இல்லாதபோது ஏற்கலாம், அதைப் பாதுகாப்பு என்று அழைக்கக்கூடாது.

இரண்டாவது கேள்விக்கு ஒரே பதில் இல்லை. வார்சாவின் பழைய நகரில் 85 சதவீதத்துக்கும் மேல் இரண்டாம் உலகப் போரில் திட்டமிட்டு அழிக்கப்பட்டது. போலந்து மக்கள் அதை மறுபடி கட்டினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலிய ஓவியர் பெல்லோட்டோ வரைந்த நகர்க் காட்சி ஓவியங்களும், கட்டடக்கலை மாணவர்கள் போருக்கு முன் எடுத்த அளவு வரைபடங்களும் துணைநின்றன. 1980-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியமாக ஏற்றது. மறுபடி கட்டிய அந்த உழைப்பையும் சேர்த்துத்தான் ஏற்றது. ஜப்பானின் ஈசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகவே கட்டுகிறார்கள், கடைசியாக 2013-இல். அங்கே காக்கப்படுவது மரம் அல்ல, தச்சரின் கை. பழைய கட்டடங்களைக் காக்கும் நெறிகளை வகுத்த 1964-இன் வெனிஸ் சாசனம் மூலப் பொருளுக்குத் தந்த முதன்மையை, 1994-இல் ஜப்பானின் நாரா நகரில் கூடியவர்கள் விரிவாக்கியது இத்தகைய மரபுகளை மனத்தில் வைத்துத்தான்.

ஆனால் இந்த எடுத்துக்காட்டுகளை இடிக்க நினைப்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். வார்சாவை அழித்தவர்களும் கட்டியவர்களும் ஒரே ஆட்கள் அல்ல.

தூண்நிழல்

நன்றி அம்மா. கடைசி வரியை மறக்க மாட்டேன்.

நகர்நடை

சுற்றுச்சூழல் பற்றி யாரும் பேசவில்லையே. பழைய கட்டடம் மின்சாரத்தை விழுங்கும், புதியது சிக்கனமானது என்று ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார்.

கொத்துக்கரண்டி

அவர் சொல்வதில் பாதி உண்மை. புதிய கட்டடம் நடத்தும்போது சிக்கனமாக இருக்கலாம். ஆனால் அது நிற்பதற்குள்ளாகவே சிமெண்ட், எஃகு, கண்ணாடி, லாரி, இடித்த குப்பை என்று ஒரு பெரிய கடன் வாங்கியாயிற்று. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியால் மட்டுமே வருகிறது. அந்தக் கடனைச் சேமிப்பால் அடைக்கப் பல ஆண்டுகள், சில சமயம் பல பத்தாண்டுகள் ஆகும். பழைய சுவரின் கடனை யாரோ எப்போதோ அடைத்துவிட்டார்கள். கூரைக்கு வெப்பத் தடுப்பு, சாளரத்தின் இடுக்குகளை அடைப்பது, நல்ல நிழல் என்று செய்தால் பழையதும் வெகுவாகத் தேறும்.

நில நடுக்கத்தை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கம்பியில்லாத செங்கல் கட்டடம் நடுங்கும் நிலத்தில் ஆளைக் கொல்லும். பழமைப் பற்றால் அந்த உண்மையை மறைப்பவரோடு நான் வேலை செய்வதில்லை. வழியும் இருக்கிறது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய நகர மன்றத்தை, 1989-இல் முடிந்த வேலையில், அடித்தளத்திலிருந்து பிரித்து ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார வைத்தார்கள். பழைய கட்டடம் ஒன்றுக்கு அப்படிச் செய்தது உலகிலேயே அதுதான் முதல் முறை. 2020-இல் நிலம் நடுங்கியபோதும் அது நின்றது. ஆனால் செலவு பெரியது. ஒரு குடும்பத்தால் ஆகாது. திரும்பவும் அளவுகோல் ஐயாவின் கணக்குக்குத்தான் வருகிறோம்.

வாடகைவாசி

நான் தொடங்கிய இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறேன். இன்னும் ஒன்றில் மட்டும் நிற்கிறேன். ஒரு பகுதியைப் பாதுகாக்கும்போது, அங்கே கட்ட முடியாமல் போகும் வீடுகள் எந்த இடத்தில் எழும் என்பதையும் அதே உத்தரவில் எழுத வேண்டும். எழுதவில்லையென்றால் அந்த உத்தரவு பாதிதான்.

அளவுகோல்

இதை நான் பதவியில் இருந்தபோது யாராவது என் மேசையில் வைத்திருக்க வேண்டும். முழுமையாக உடன்படுகிறேன். சேர்த்து எழுத வேண்டியது இன்னொன்றும் உண்டு: உதவித்தொகையோ மேம்பாட்டு உரிமையோ பெறும் உரிமையாளர், இருக்கும் வாடகைதாரரை இத்தனை ஆண்டுகள் வெளியேற்றக்கூடாது என்ற நிபந்தனை. பொதுப்பணம் வாங்கினால் பொதுக்கடமையும் சேர்ந்து வரட்டும்.

மூன்றாம் தலைமுறை

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

கொத்துக்கரண்டி ஐயா சொன்னபடி வடிகுழாய்களைத் திறந்து பார்த்தோம். மூன்றில் இரண்டு முழுவதும் அடைத்திருந்தன. ஒன்றுக்குள் ஓர் ஆலங்கன்று. வேர் சுவருக்குள் ஒரு முழம் போயிருந்தது. என் தம்பியே ஏணி வைத்து ஏறி எல்லாவற்றையும் எடுத்தான். வெளிச்சுவரை ஒட்டியிருந்த தரையை ஒரு சாண் தாழ்த்தினோம். சிமெண்ட் பூச்சை ஒரு பக்கம் மட்டும் தட்டி எடுத்திருக்கிறோம். உள்ளே செங்கல் நனைந்த ரொட்டி போல இருந்தது. இப்போது காய்கிறது.

நேற்று இரவு நல்ல மழை. கூடத்தில் நான்கு பாத்திரங்கள் போதுமானதாக இருந்தன.

அளவுகோல் ஐயா, மேம்பாட்டு உரிமை பற்றிக் கேட்டு ஒரு மனு எழுதியிருக்கிறேன். பட்டியலிடப்பட்ட வேறு ஆறு வீட்டுக்காரர்களும் கையெழுத்திடுகிறார்கள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தருவீர்களா?

அளவுகோல்

இன்றிரவே அனுப்புங்கள். மனுவோடு ஒவ்வொரு வீட்டுக்கும் கடந்த ஐந்து ஆண்டில் பழுதுக்குச் செலவான தொகையை ஒரு தாளில் எழுதி இணையுங்கள். அலுவலகத்தில் முதலில் அதைத்தான் புரட்டுவார்கள்.

கொத்துக்கரண்டி

தம்பி, வேரை வெட்டியது போதாது. சுவருக்குள் போன பகுதி உயிரோடு இருந்தால் மறுபடி துளிர்க்கும். அந்த இடத்துச் சாந்தைக் கீறி, வேரை முழுவதும் உருவி எடுத்தபின் சுண்ணாம்பால் அடைக்கச் சொல்லுங்கள். சுவர் காயட்டும், அவசரப்பட்டுப் பூசிவிடாதீர்கள். அடுத்த மழை விட்டதும் ஒரு படம் போடுங்கள்.